சட்டைப் பையில் பச்சை மிளகாய்

ஜோகுபாளையம்,
12 ஜனவரி 2025

ஸ்னேஹா மேடத்துக்கு,

வணக்கம். ‘எழுதுமேசை’ ஆன்லைன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சரளா நான். மேடம் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும் என்று விதிமுறையில் பார்த்தேன். எனக்கு வராது. பன்னிரண்டு வருடமாகத் தொம்மலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரி ரிசெப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறந்தால் சார், மேடம்தான் முதலில் வரும். போகப் போகப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பயிற்சியோடும் ஒரு கடிதம் வைக்க வேண்டும், வழிகாட்டியும் கடிதமாகத்தான் பதில் சொல்வார், போனும் கிடையாது, நேரில் பார்ப்பதும் கிடையாது என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு இது என்ன கூத்து என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. எதிரில் முகம் இல்லை என்றால் எனக்குப் பேச்சு நன்றாக வரும்.

என்னை இதில் சேர்த்துவிட்டது வீணா. என் தம்பி மனைவி. கீழ்வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், மாடி அறையில் வீணாவும் அவள் மகள் பார்கவியும். வீணாவுக்குக் கார்மெண்ட்ஸில் வேலை. பழைய டைரிகளில் நான் கிறுக்கி வைத்ததையெல்லாம் ஒருநாள் படித்துவிட்டு, “எத்தன நாளு ஊரார் பல்லையே பாத்துட்டு இருப்பீங்க? எழுதுங்கக்கா” என்று அவள்தான் போனில் தேடி உங்களைக் கண்டுபிடித்தாள். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஒன்று விடாமல் பார்க்கிறாள். என்றைக்காவது என் பெயர் அதில் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பாவம்.

முதல் பயிற்சிக்கு ‘நீங்கள் இழந்த ஒருவர்’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். என் தம்பி தினேஷைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஆபீஸ் கேப் ஓட்டிக்கொண்டிருந்தான். 2019 ஆகஸ்டில் ஒரு காலை, வண்டி ஸ்டாண்டிலேயே நெஞ்சுவலி. கூட இருந்த டிரைவர் ஓஸ்வால்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. அன்று பார்த்து என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன்.

பத்தாவது வரைதான் தமிழ் மீடியம். பிழை இருந்தால் அடித்துத் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
சரளா


மல்லேஸ்வரம்,
15 ஜனவரி 2025

அன்புள்ள சரளா,

எனக்கு இருபத்தொன்பது வயது. உங்களைவிடப் பதினேழு வயது சின்னவள் என்று உங்கள் படிவத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஆகவே மேடம் வேண்டாம்.

பிழைகள் மூன்றே மூன்று. அவற்றைத் திருத்திவிட்டேன். இனி கதைக்கு வருகிறேன். இரண்டு பக்கத்தில் தினேஷ் நல்லவன் என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஓர் இடத்தில்கூட அவரை நான் பார்க்கவில்லை. செத்துப்போன எல்லோரையும் நாம் நல்லவர்கள் என்றுதான் சொல்கிறோம். அவரிடம் மட்டும் இருந்த ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். ஒரு பழக்கம், ஒரு பொருள். ஆயிரம் பேர் நிற்கிற இடத்திலும் அவரை நான் அதை வைத்துக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

அடுத்து, ‘அன்று என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது’ என்ற வரி. மற்ற எல்லா வரிகளிலும் எதிரில் உட்கார்ந்து பேசுகிற நீங்கள், இந்த வரியில் மட்டும் எழுந்து போய்விடுகிறீர்கள். ரிசெப்ஷன் மேசையில் ஒரு சார்ஜர்கூடவா இல்லை? இந்த இடத்தில் கதை பொய் சொல்கிறது என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். கடுமையாக இருந்தால் மன்னிக்கவும். இப்படிச் சொல்லத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஸ்னேஹா


ஜோகுபாளையம்,
2 பிப்ரவரி 2025

ஸ்னேஹாவுக்கு,

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதியது நான்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். செத்துப்போன தம்பியைப் பற்றி ஒருத்தி எழுதினால், சார்ஜர் இருந்ததா என்று கேட்கிறீர்களே, நீங்கள் என்ன வக்கீலா? இரண்டு வாரம் உங்களைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். ஒரு பேஷண்டுக்கு அப்பாயின்ட்மெண்டை மாற்றிப் போட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அவனிடம் மட்டும் இருந்தது என்று கேட்டீர்கள். பச்சை மிளகாய். சிரிக்காதீர்கள். அவன் வெள்ளை யூனிஃபார்ம் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பச்சை மிளகாய் இருக்கும், செய்தித்தாளில் சுற்றி. எந்தச் சாப்பாடும் அவனுக்கு உறைக்காது. எங்கே சாப்பிட்டாலும் பையிலிருந்து எடுத்துக் கடித்துக்கொள்வான். ஒருமுறை கல்யாண வீட்டில், பாயசத்துக்கு நடுவில் எடுத்தான். வீணா தலையில் அடித்துக்கொண்டாள். காரம் சாப்பிட்டால் வண்டி ஓட்டும்போது தூக்கம் வராது என்று அதற்கொரு விளக்கம் வேறு வைத்திருந்தான்.

இதை எழுதும்போது அழுதுவிட்டேன். ஐந்தரை வருடத்தில் அவனுக்காக நான் நிஜமாக அழுதது இப்போதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் வீணாவைப் பார்த்து அழுதது.

சார்ஜர் விஷயத்தை விட்டுவிடுங்கள்.

சரளா


மல்லேஸ்வரம்,
5 பிப்ரவரி 2025

அன்புள்ள சரளா,

வந்துவிட்டார் தினேஷ். இனி அவரை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். என்னிடம் இருக்கிற பதினான்கு மாணவர்களில் இப்படி ஒன்றை யாரும் கொண்டுவரவில்லை.

சார்ஜர் விஷயத்தை நான் விட முடியாது. உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நான் எழுதி நான்கு வருடம் ஆகிறது. ஒரு தொகுப்புக்கு ஆகுமளவு கதைகள் வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் எங்கே ஒளிந்துகொண்டேன் என்று எனக்கே தெரிந்துவிட்டதால் அடுத்த வரி வரவில்லை. அதனால் அடுத்தவர்கள் ஒளிகிற இடம் எனக்குச் சட்டென்று கண்ணில் படுகிறது. இது திறமை இல்லை, பழக்கம்.

உங்களிடம் வாக்குமூலம் கேட்கவில்லை. கதைதான் கேட்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டு அங்கே என்ன வருகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. அந்தச் சட்டை என்ன ஆனது? ஆஸ்பத்திரியில் யார் கையிலாவது கொடுத்திருப்பார்கள். முடிவில் அந்தச் சட்டைப் பையைத் திறங்கள். கதை அங்கேதான் முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்னேஹா


ஜோகுபாளையம்,
23 பிப்ரவரி 2025

ஸ்னேஹாவுக்கு,

கதையை இணைத்திருக்கிறேன். அதைப் படிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என் போன் அணைந்திருக்கவில்லை. நூறு சதவீதம் சார்ஜ் இருந்தது. அவன் மூன்று முறை கூப்பிட்டான். முதல் முறை எடுத்தேன். “அக்கா, ஒரு மாதிரியா இருக்கு” என்றான். காலையில் மாடியில் வீணாவோடு பெரிய சண்டை நடந்தது கீழே எனக்குக் கேட்டிருந்தது. சண்டை போட்ட நாளெல்லாம் அவன் எனக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் புலம்புவான். அதுதான் என்று நினைத்தேன். எதிரில் எட்டு பேர் நிற்கிறார்கள். “கூட்டமா இருக்கு, அப்புறம் பேசறேன்” என்று கட் பண்ணினேன். அடுத்த இரண்டு முறை அடித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவன் சட்டையையும் போனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம்தான் கொடுத்தார்கள். வீணா அப்போது தரையில் விழுந்து கிடந்தாள். அவன் போனின் லாக் எனக்குத் தெரியும். என் பெயரில் இருந்த மூன்று அழைப்பையும் அழித்துவிட்டுத்தான் வீணா கையில் கொடுத்தேன். அந்தப் புத்தி அந்த நேரத்தில் எனக்கு எப்படி வந்தது என்று இன்று வரை தெரியவில்லை. சட்டையை மயானத்திலேயே நெருப்பில் போட்டாயிற்று. அவள் பார்க்கவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வீணா அந்தப் போனைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. “வலிக்கும்போதுகூட ஒருத்தரையும் கூப்பிடத் தோணலக்கா அவருக்கு. அப்படிப் பேசியிருக்கேன் நானு” என்றாள். வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்லுவாள். அவன் திதி, பார்கவி பிறந்தநாள், சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் முதுகைத் தடவிக்கொடுத்து, “விடு, சும்மா அழாத” என்பேன். ஐந்தரை வருடமாகத் தடவிக்கொடுக்கிறேன்.

எல்லாவற்றையும் கதையில் வைத்துவிட்டேன். நீங்கள் கேட்டபடி சட்டைப் பையையும் திறந்திருக்கிறேன். இன்று சாப்பாடு இறங்குகிறது. இவ்வளவு நாளாக இறங்கவில்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது.

ஒன்றே ஒன்று. இது வீணா கண்ணில் படக் கூடாது.

சரளா


மல்லேஸ்வரம்,
26 பிப்ரவரி 2025

அன்புள்ள சரளா,

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் எதுவும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். முடிவு வந்ததும் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஓரத்தில் நிறையக் குறித்திருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைக்கும் இடம், அழைப்புகளை அழிக்கும் இடம், இவற்றில் ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. கடைசியில் அக்கா சட்டைப் பையைத் திறந்ததும் இரண்டு பச்சை மிளகாய், இன்னும் வாடாமல். அங்கே கதை நிற்கிறது பாருங்கள், அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

வீணாவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயர்களை நானே மாற்றிவிடுகிறேன். தினேஷ் முரளி ஆகட்டும், நீங்கள் சாந்தி ஆகுங்கள். ஜோகுபாளையம் வேண்டாம், பல் ஆஸ்பத்திரி கண் ஆஸ்பத்திரியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு இது உங்கள் வீடு என்று யாருக்கும் தெரியாது. மிளகாயை மட்டும் யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். கதையின் உயிர் அது.

ஸ்னேஹா


ஜோகுபாளையம்,
24 மார்ச் 2025

மேடம்,

சனிக்கிழமை சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வீணா போனை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, உங்க கிளாஸ்ல யாரோ ஒருத்தங்க கதைய போட்டிருக்காங்க. ‘ஒரு கதை உண்மையாவது எப்படி’ன்னு. திருத்துறதுக்கு முன்னாடி, திருத்துனப்புறம், ரெண்டும் இருக்கு. படிக்கட்டா? உங்களுக்கு யூஸ் ஆகும்” என்றாள்.

எனக்குத்தான் வாசித்துக் காட்டினாள், மேடம். புரிகிறதா? சத்தமாக, நிறுத்தி நிறுத்தி. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

முரளி, சாந்தி என்று வந்தபோது எனக்கே முதலில் உறைக்கவில்லை. சட்டைப் பை, செய்தித்தாள், இரண்டு பச்சை மிளகாய் என்று வந்ததும் வீணா சிரித்தாள். “நம்ம அவர மாதிரியே ஒரு பைத்தியம் இன்னொண்ணு இருந்திருக்கு பாருங்க” என்றாள். அப்போதாவது அந்தப் போனைப் பிடுங்கியிருக்கலாம். கை எழவில்லை. அவள் மேலே படித்தாள். முதல் வடிவம்: போன் அணைந்திருந்தது. இரண்டாம் வடிவம்: போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று அழைப்பு. லாக். அழித்தேன். குரல் தேய்ந்துகொண்டே போனது. ஆனால் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை படித்தாள். ஓரத்தில் சிவப்பு எழுத்தில் நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தாள். ‘இந்த அக்கா பயங்கரமான பெண். அற்புதமான பாத்திரம்!’ ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள்.

பிறகு, “இந்தச் சாந்தி எந்த ஏரியாக்கா?” என்று கேட்டாள்.

நான் கீரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. மேலே போய்விட்டாள். ஞாயிறு காலை இரண்டு பையோடு பார்கவியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஒக்கலிபுரத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் குழந்தைக்குப் பரீட்சை சமயம். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயரை மாற்றினால் யாருக்கும் தெரியாது என்றீர்கள். ஆயிரம் பேர் நிற்கிற இடத்திலும் அவனைக் கண்டுபிடிக்க ஒன்று கொடு என்று கேட்டதும் நீங்கள்தான். கண்டுபிடித்துவிட்டாள்.

சரளா


மல்லேஸ்வரம்,
25 மார்ச் 2025

சரளா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த பத்தாவது நிமிடத்தில் அந்தப் பதிவை எடுக்க வைத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பேட்ச்சுக்குச் சேர்க்கை ஆரம்பிக்கிறது. வகுப்பை நடத்தும் சந்தானம் சார் விளம்பரத்துக்கு ஒரு மாதிரிக் கதை கேட்டார். உங்கள் கதையைவிடச் சிறந்தது என்னிடம் இல்லை. சேரும்போது நீங்கள் நிரப்பிய படிவத்தில், பெயர் நீக்கிப் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நீங்கள் டிக் செய்திருக்கிறீர்கள். விதிப்படி நாங்கள் தவறு செய்யவில்லை. பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். நம்பி எழுதினீர்கள், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஓரக்குறிப்பு பாத்திரத்தைப் பற்றியது. உங்களைப் பற்றியது இல்லை.

வீணாவிடம் நானே பேசி விளக்கட்டுமா?

ஸ்னேஹா


ஜோகுபாளையம்,
31 மார்ச் 2025

மேடம்,

நேற்று உகாதி. ஒவ்வொரு வருடமும் போளிக்கு, இங்கே ஹோளிகே என்பார்கள், மாவை மாடியில் வீணாதான் பிசைவாள், கீழே நான் தட்டுவேன். நேற்று மாடி பூட்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  சாயங்காலம்தான், “அன்னைக்கே சொல்லியிருந்தா அவ நாலு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருப்பா” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

படிவத்தில் டிக் அடித்தது நிஜம்தான். ஆஸ்பத்திரியில் நானும் தினம் இருபது பேரிடம் படிவம் கொடுத்து, இங்கே டிக் பண்ணுங்கள் என்று சொல்கிறேன். யாரும் படிப்பதில்லை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வீணாவிடம் நீங்கள் பேச வேண்டாம். பாத்திரம் வேறு, அக்கா வேறு என்று அவளிடம் போய்ச் சொல்வீர்களா? அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா.

உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான். அது இருக்கட்டும், உங்கள் பாதியை நான் குறைக்கப் போவதில்லை.

சரளா


ஜோகுபாளையம்,
20 ஏப்ரல் 2025

ஸ்னேஹா,

உங்களுக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இதைக் கேட்க வேறு ஆள் இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, நான் ரிசெப்ஷனில் இருக்கும்போது, வீணா போன் செய்தாள். நாலு வாரத்தில் முதல் தடவை. “போன் விஷயம் இப்ப வேணாம். அதப்பத்தி நான் இன்னும் யோசிச்சு முடிக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. “கதையில கடைசியா வருதே, ஆஸ்பத்திரில குடுத்த சட்டைப் பைல மிளகா இருந்துச்சுன்னு. அது நெசமாக்கா?”

ஏன் கேட்கிறாய் என்றேன். அப்போதுதான் சொன்னாள். தினமும் காலையில் அந்த இரண்டு மிளகாயைக் காம்பு கிள்ளி, பேப்பரில் சுற்றி அவன் பையில் வைத்தது அவள். கல்யாணமான மறுவாரத்திலிருந்து. கீழேயே இருந்துகொண்டு இத்தனை வருடமும் எனக்கு இது தெரியாது. அவனே எடுத்துக்கொண்டு போகிறான் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சண்டை. அவள் வைக்கவில்லை.

“நான் வெக்கலக்கா அன்னைக்கு. அப்ப அவரே கிச்சனுக்கு வந்து எடுத்துட்டுப் போயிருக்காரு. கோவம் ஆறித்தான் போயிருக்காரு. இல்லக்கா? எனக்கு அது போதும். சொல்லுங்க, இருந்துச்சா?”

ஸ்னேஹா, அந்தச் சட்டைப் பையை நான் திறந்து பார்க்கவே இல்லை. முழுப் பொய் அது. நீங்கள் பையைத் திற என்றீர்கள், மிளகாயை அவ்வளவு புகழ்ந்தீர்கள். நான் எழுதினேன். சட்டையை அவர்கள் என்னிடம் கொடுத்தபோது வெளியிலிருந்தே தெரிந்தது, பை தட்டையாக இருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதை முழுவதிலும் நான் இட்டுக்கட்டியது அந்த ஒரு வரிதான். அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “கூட்டமா இருக்கு வீணா, அப்புறம் பேசறேன்” என்று கட் பண்ணிவிட்டேன். எதிரில் ஒரு ஆள்கூட இல்லை. அதே வாய், அதே வார்த்தை. கட் பண்ணிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. 

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாக இருப்பாள். ஒருவேளை திரும்பி வந்தாலும் வருவாள். நான் என்ன சொல்லட்டும்?

சரளா


மல்லேஸ்வரம்,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள சரளா,

இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் போன் வரியைப் பொய் என்று குறித்துத் துரத்தியவள் நான். ஆனால் எனக்கு வீணா அந்தக் கதையைச் சத்தமாக வாசிக்கிற காட்சி ஒரு மாதமாக மனதை விட்டுப் போகவில்லை. நான் பறித்துக்கொண்டது எவ்வளவு என்று பார்க்கிறேன். வீணாவுக்கு அந்த இரண்டு மிளகாயாவது இருக்கட்டும். அந்தப் பை யாருக்கும் இனி சாட்சி சொல்ல வராது. சட்டை எரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் நீங்களும் நானும் மட்டும்தான்.

வேலையை விட்டுவிட்டேன். படிவத்தைக் காட்டி உங்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்த நாளில் சந்தானம் சாரிடம் சொல்லிவிட்டேன். மாணவர்களை வேறொருவர் பார்த்துக்கொள்வார். ஆகவே இது வழிகாட்டி சொல்வது இல்லை. உங்களுக்கு இதைச் செய்துவிட்ட ஒருத்தி கெஞ்சிக் கேட்பது. இன்னொரு வலியை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்னேஹா


ஜோகுபாளையம்,
4 மே 2025

ஸ்னேஹா,

உன்னைவிடப் பதினேழு வயது மூத்தவள் என்ற உரிமையில் இந்தக் கடிதத்தில் நீ என்றே எழுதுகிறேன். மேடமும் போகட்டும், நீ எழுதிய ‘சரளா அவர்களுக்கு’ என்பதும் போகட்டும்.

நீ சொன்னதைப் பத்து நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நியாயமாகத்தான் பட்டது. ஒருமுறை போனைக் கையில் எடுத்து, ஆமாம் வீணா இருந்தது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன், கண்ணாடி முன்னால் நின்று. நன்றாகவே வந்தது. சார்ஜ் இல்லை என்று சொன்னபோதும் இப்படித்தான் நன்றாக வந்தது.

இன்று காலை ஒக்கலிபுரம் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். பார்கவிதான் நாற்காலி போட்டாள். அத்தை என்று கூப்பிடவில்லை. வீணா தையல் மெஷினில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை, தைப்பதை நிறுத்தினாள்.

“இல்ல வீணா. பையில மிளகா இருந்துச்சுன்னு நானா எழுதுனேன். பை தட்டையா இருந்துச்சு” என்றேன். வழியெல்லாம் நிறைய யோசித்து வைத்திருந்தேன். இவ்வளவுதான் வந்தது.

 அவள் மெஷினில் இருந்த துணியையே நீவிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள். “மூணு தடவையா கூப்பிட்டாரு?”

“மூணு தடவை.”

“அது நெசம்தான?”

“அது நெசம்.”

“அப்ப யாரையோ கூப்பிடத் தோணியிருக்கு அவருக்கு” என்றாள். “என்னய இல்ல. ஆனாலும் தோணியிருக்கு.” அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் போனேன். முதுகைத் தொட வந்த கையை அவள் தள்ளிவிட்டாள். ஓங்கித் தள்ளவில்லை, தள்ளினாள். சரிதான் என்று நின்றுகொண்டேன். ஐந்தரை வருடம் தடவிய கை அது.

திரும்பி வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாடிச் சாவியைப் பார்கவியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது வீணா கூப்பிட்டாள்.

“அக்கா. அந்தக் கதைய என்ன பண்ணப் போறீங்க?”

கிழித்துவிடுகிறேன் என்றேன்.

“கிழிக்காதீங்க. அவரு கூப்பிட்டாருன்னு அது ஒண்ணுலதான் இருக்கு. போன்லதான் அழிச்சிட்டீங்களே” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “கடைசி வரிய மட்டும் மாத்துங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதுங்க. பார்கவி படிப்பா” என்றாள். மெஷினை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் நீ பொய் என்று குறித்த இடம் பொய்தான். அதை நான் மறுக்க மாட்டேன். உன் நான்கு வருடத்தையும் எங்கேயாவது எழுதிப் பார். யாருக்கும் காட்டாதே, முதலில்.

கதையை இணைத்திருக்கிறேன். திருத்தத்துக்கு இல்லை. முதலில் படித்தவள் நீ என்பதால் அனுப்புகிறேன், ஓரத்தில் ஒன்றும் எழுதாதே. பெயர்களை எல்லாம் பழையபடி மாற்றிவிட்டேன். தினேஷ், வீணா, சரளா. கடைசி வரி இப்போது இப்படி இருக்கிறது:

அவன் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை.

சரளா